கூலிப் பட்டியலுக்குள் ஒரு வரலாறு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேல்பரப்புக்குச் சாலை ஏறுகிறது. மேலே செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் ஓரிக்கு அரசே விழா எடுக்கிறது. சங்கப் புலவர்கள் பாடிவைத்ததால் ஒரு குறுநில மன்னனின் பெயர் ஈராயிரம் ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. அதே மலையின் சரிவுகளில் கல் அடுக்கி வரப்பு கட்டியவர்களுக்கும், ஓடைகளில் தடுப்பணை எழுப்பியவர்களுக்கும், குழி வெட்டி மரக்கன்று நட்டவர்களுக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயர்களை நூறு நாள் வேலையின் கூலிப் பட்டியலில் பார்க்கலாம். அதைத் தாண்டி அவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

பிழைப்பு முட்டிப்போன காலத்தில் அரசு கூலி கொடுத்து மண், நீர், காடு சார்ந்த பணிகளைச் செய்விப்பது உலகெங்கும் நடந்திருக்கிறது. பணி முடிந்ததும் கரையும் சாலையும் மரமும் நின்றுவிடுகின்றன. செய்தவர்களின் கதை கலைந்துவிடுகிறது. அதைக் கலையவிடாமல் காப்பாற்றிய நாடுகள் எப்படிக் காப்பாற்றின, தமிழ்நாடு இதுவரை எதை இழந்தது, கொல்லிமலை போன்ற இடத்தில் இன்னும் எதைச் சேர்த்துவைக்க முடியும் என்பவை ஒரே கேள்வியின் மூன்று பக்கங்கள்.

காப்பாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியது அமெரிக்காவை. 1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் அந்த நாட்டில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாமல் போனது. 1933 மார்ச்சில் பதவியேற்ற அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அந்த மாதம் முடிவதற்குள் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் சி.சி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட சிவிலியன் கன்சர்வேஷன் கோர். வேலையில்லாத, மணமாகாத இளைஞர்கள் முகாம்களில் தங்கிக் காட்டிலும் மேட்டிலும் உழைக்க வேண்டும். மாதக் கூலி 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். 1942 வரை ஒன்பது ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் பேர் இதில் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 300 கோடி மரங்களை நட்டார்கள். மண்ணரிப்பைத் தடுக்கக் கரை கட்டினார்கள், காட்டுத் தீயை அணைத்தார்கள், பூங்காக்களுக்குப் பாதையும் கல் கட்டடங்களும் அமைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்த பல்லாயிரம் பேர் முகாமிலேயே எழுத்தறிந்து திரும்பினார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் முகாம்கள் மூடப்பட்டன. இளைஞர்கள் சீருடை மாற்றிப் போர்க்களம் போனார்கள். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் திட்டத்தைப் பெரும்பாலும் மறந்தேபோனார்கள். மறதியை முறித்தவர்கள் அங்கே உழைத்தவர்கள்தான். 1977இல் முன்னாள் பணியாளர்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அப்போது அவர்களுக்கு வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டியில் கிடந்த புகைப்படங்களையும், முகாமில் சுழற்றிய செய்தித்தாள்களையும், வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். மிச்சிகன் மாநிலத்தின் நார்த் ஹிகின்ஸ் ஏரிப் பூங்கா உட்படப் பல இடங்களில் அவர்களுக்கென அருங்காட்சியகங்கள் எழுந்தன. கோடரி ஏந்தி நிற்கும் சட்டையில்லாத இளைஞனின் வெண்கலச் சிலையைப் பல மாநிலங்களில் நிறுவியிருக்கிறார்கள். திட்டத்தின் அலுவல் ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் தனித் தொகுதியாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. முதியவர்கள் மறைந்துகொண்டே வர, அவர்களின் சங்கம் 2007இல் அடுத்த தலைமுறையினர் நடத்தும் அமைப்பாக மாறியது.

இவ்வளவு அக்கறையாகக் காக்கப்பட்ட வரலாற்றிலும் ஓட்டைகள் உண்டு. கறுப்பின இளைஞர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். பெரும்பாலான இடங்களில் அவர்களுக்குத் தனி முகாம். அமெரிக்கப் பழங்குடியினருக்கென்று தனிப் பிரிவு அமைக்கப்பட்டு, 80,000க்கும் மேற்பட்டோர் தங்கள் சொந்த நிலப்பகுதிகளில் உழைத்தார்கள். பெண்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. அதிபரின் துணைவி எலினார் ரூஸ்வெல்ட்டின் முயற்சியால் தனியாக நடந்த பெண்கள் முகாம்களில் சுமார் 8,500 பேர் மட்டுமே தங்க முடிந்தது. நீண்ட காலம் நினைவுகூரப்பட்டது வெள்ளை இளைஞனின் கதைதான். மற்றவர்களின் கதையைத் தேட ஆய்வாளர்கள் கிளம்பியபோது சாட்சிகள் பலர் உயிரோடு இல்லை. தாமதத்தின் விலையை அதிகம் கொடுப்பவர்கள் ஏற்கெனவே ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்களே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை புதிதன்று. அமெரிக்காவின் பெருமந்தத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே இங்கே லட்சக்கணக்கானோர் அரசின் நிவாரண வேலையில் மண் சுமந்தார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று மக்கள் இன்றும் சொல்லும் 1876–78 பஞ்சம் அது. மழை பொய்த்தது, தானியம் விலையேறியது, ரயில் பாதைகள் தானியத்தைப் பஞ்சப் பகுதிக்குள் கொண்டுவந்தது போலவே வெளியேயும் கொண்டுபோயின. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொல்லிமலை அடங்கிய அன்றைய சேலம் வட்டாரம் மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சம், 1881இல் சுமார் 16 லட்சம். பத்து ஆண்டில் பெருகியிருக்க வேண்டிய ஒரு மாவட்டம் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் குறைந்துபோனது.

நிவாரண வேலைக்குக் கொடுத்த கூலியை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது. வைஸ்ராய் லிட்டனின் சார்பில் சென்னை வந்த ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்த அளவில் உழைக்கும் உடல் தாங்காது என்று எழுத்து மூலம் எதிர்த்தார். இருவருக்கும் நடந்த வாதம் கடிதம் கடிதமாக அரசு ஆவணங்களில் இருக்கிறது. டெம்பிள் கூலி என்ற பெயர் வரலாற்றுப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. அந்தக் கூலியை வாங்கிய ஒருவரின் பெயரைக் கேட்டால் சொல்ல ஆளில்லை.

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டுக் கிலோமீட்டர் கால்வாய், அந்தப் பஞ்சத்தில் 1877–78இல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. செலவு 30 லட்சம் ரூபாய். கடலோரமாக நீளும் முழுக் கால்வாய்க்கும் அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. இன்று அதன் மேல் பறக்கும் ரயில் ஓடுகிறது, கீழே சாக்கடை ஓடுகிறது. அதை வெட்டியவர்கள் பசித்த மக்கள் என்று சொல்ல ஒரு கல்வெட்டாவது கரையில் இருந்தால் நகரத்துக்கு நன்றாக இருக்கும்.

அந்தப் பஞ்சத்தைப் பற்றி நமக்கு இன்று கிடைப்பவை மூன்று வகைச் சான்றுகள். ஒன்று, அதிகாரிகளின் கோப்புகள். பெரும்பகுதி எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இரண்டாவது, வெளியிலிருந்து பார்த்தவர்களின் பதிவு: மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியர் வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட இரண்டு பாகப் புத்தகமும், படை அதிகாரி ஹூப்பர் எடுத்த புகைப்படங்களும். எலும்பும் தோலுமாக வரிசையில் உட்காரவைத்து எடுக்கப்பட்ட அந்தப் படங்களில் மனிதர்கள் இருக்கிறார்கள், பெயர்கள் இல்லை. மூன்றாவதுதான் நமக்கு நெருக்கமானது. கும்மிகளும் சிந்துகளும். பஞ்சக் கும்மிகளை ஈரோட்டுப் புலவர் செ. இராசு தேடித் தொகுத்துப் பதிப்பித்திராவிட்டால், பட்டினி கிடந்த ஊர்களின் பக்கத்திலிருந்து எழுந்த குரல் இன்னும் மெலிந்திருக்கும். ஏடும் ஓலையும் தேடி அலைந்த அந்த உழைப்புக்குத் தமிழ்ச் சமூகம் இன்னும் முழுதாக நன்றி சொல்லவில்லை.

பெருமந்தம் தமிழகத்தையும் விடவில்லை. நெல் விலையும் கடலை விலையும் சரிந்தன. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்து கப்பலேறித் திரும்பி வந்தார்கள். அந்த ஆண்டுகளில் இங்கே எழுந்த மிகப் பெரிய பொதுப்பணி மேட்டூர் அணை. 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நீர்த்தேக்கத்துக்கு ஆளுநர் ஸ்டான்லியின் பெயர். துயர் தணிப்பதற்காகத் திட்டமிட்ட வேலையன்று அது, பாசனத் திட்டம். ஆனாலும் பெயர் விஷயத்தில் பக்கிங்ஹாம் கால்வாயின் கதைதான் திரும்பவும். பொறியாளர் எல்லிஸை நினைவில் வைக்க அங்கே வழி இருக்கிறது. நீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் தலைகாட்டும் கோயிலும் தேவாலயமும், மூழ்கிய ஊர்களைத் தாமே நினைவூட்டுகின்றன. கல் சுமந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

விடுதலைக்குப் பின் கதை வேறு திசையில் திரும்பியது. மகாராஷ்டிரத்தில் 1970களின் தொடக்கத்தில் வந்த கொடிய வறட்சியின்போது லட்சக்கணக்கானோர் நிவாரண வேலைக்கு வந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து வேலை கேட்பதை உரிமையாக்கும் சட்டம் அந்த மாநிலத்தில் பிறந்தது. அதன் வழித்தோன்றல்தான் 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, நூறு நாள் வேலைக்கு அடித்தளமான ஊரக வேலை உறுதிச் சட்டம். கொல்லிமலை இன்று அடங்கியிருக்கும் நாமக்கல் மாவட்டத்துக்கு அது 2008 ஏப்ரலில் வந்தது. பிரபு இரங்கிக் கொடுக்கும் கூலி என்ற நிலையிலிருந்து, கேட்டால் பதினைந்து நாளில் வேலை தர வேண்டும், தராவிட்டால் படி தர வேண்டும் என்ற நிலைக்கு வந்து சேர நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆயின. இந்தத் தூரத்தை அளந்து சொல்லவாவது வரலாறு வேண்டும்.

அந்தச் சட்டம் முன்னுரிமை கொடுத்த பணிகளைப் பார்த்தால் அமெரிக்க முகாம்களின் பட்டியலை ஒட்டியே இருக்கிறது: நீர் சேமிப்பு, வறட்சித் தடுப்பு, மரம் நடுதல், நிலச் சீரமைப்பு, ஏரி தூர்வாருதல். சமவெளி ஊர்களில் இதற்கு ஏரி வேலை என்றே பெயர். மலையில் ஏரி குறைவு. அங்கே கைக்கு வரும் வேலை கல்லும் சரிவும் சார்ந்தது. கொல்லிமலையில் அதற்கு ஏன் இவ்வளவு தேவை என்பதைப் புரிந்துகொள்ள அதன் வேளாண்மையைப் பார்க்க வேண்டும்.

கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே, நாடு என்ற பெயரில் முடியும் ஊராட்சிகளாக விரிந்திருக்கிறது இந்த மலை. வளவந்தி நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு, குண்டூர் நாடு என்று மொத்தம் பதினான்கு. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 40,000. பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவை இவர்களின் பழைய பயிர்கள். கடந்த சில பத்தாண்டுகளில் சேலம், ஆத்தூர், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவை மலையேறி வந்தது. மரவள்ளி காசு கொடுத்தது. சாமைக் காடுகள் சுருங்கின. மரவள்ளியில் ஒரு சிக்கல் உண்டு. இடைவெளி விட்டு நடும் பயிர், ஆரம்ப மாதங்களில் மண்ணை மூடாது. கிழங்கு எடுக்கும்போது மண் மறுபடி கிளறப்படுகிறது. சரிவில் இதைச் செய்தால் மழை மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் சரிவின் குறுக்கே சமமட்டத்தில் கல் வரப்பு கட்டுவது மலையின் உயிர்ப்பிரச்சினை. அதைக் கட்டுபவர்கள் கடப்பாரை, மண்வெட்டி, பாண்டுச் சட்டியோடு தங்கள் கண் அளவையும் நம்பி இயங்குகிறார்கள். எந்தக் கல் எங்கே உட்காரும், தண்ணீர் எங்கே திரும்பும் என்ற அறிவு ஓவர்சியரின் அளவுப் புத்தகத்தில் ஏறுவதில்லை. அங்கே ஏறுவது கன மீட்டர் மட்டுமே.

பெயரோடு சேர்த்துக் காப்பது எப்படி என்பதற்குக் கொல்லிமலையிலேயே முன்மாதிரி இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்கப் பணியாற்றிவருகிறது. வெறுமனே சாமை என்று அது ஒரு பையில் போட்டுவைக்கவில்லை. மல்லியசாமை, வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று ஒவ்வொரு ரகத்தையும் அதை விதைக்கும் குடும்பங்களின் சொல்லோடும் பக்குவத்தோடும் சேர்த்துப் பதிந்தது. ஊர்களில் விதை வங்கிகள் வந்தன. சாமை குத்தும் பெண்களின் சுமையைக் குறைக்க அரவை இயந்திரங்கள் வந்தன. விதைக்குக் கிடைத்த இந்த மரியாதை வரப்புக்கும் கிடைக்கலாம். எந்தச் சரிவில், எந்த ஆண்டு, யார் யார் சேர்ந்து கட்டினார்கள், அதன்பின் அந்தக் காட்டில் என்ன விளைந்தது என்று எழுதிவைப்பது ஒரு ரகத்தைப் பதிவதைவிடக் கடினமான காரியமன்று.

நூறு நாள் வேலையைப் பற்றித் தகவலே இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் மிகச் சில அரசுத் திட்டங்களுக்கே இவ்வளவு தகவல் பொதுவெளியில் கிடைத்திருக்கிறது. வேலை அட்டை, வருகைப் பட்டியல், கொடுத்த கூலி, பணியின் எண் எல்லாம் இணையத்தில் ஏறின. கட்டிய குட்டைகளும் அணைகளும் செயற்கைக்கோள் படத்தில் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டன. 2023 ஜனவரி முதல் கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இரு முறை படத்தோடு வருகை பதிவது கட்டாயமாயிற்று. ஆனால் இவை அனைத்தும் கண்காணிப்புக்காகத் திரட்டப்பட்டவை. வேலைக்கு வந்தாரா, வரவில்லையா என்பதற்கு மேல் அந்தப் படங்களுக்குக் கேள்வி இல்லை. 1877இன் ஹூப்பர் படங்களையும் இவற்றையும் அடுத்தடுத்து வைத்தால், வரிசையில் நிற்கும் மனிதர்களிடம் எதையும் கேட்காத பார்வை இரண்டிலும் ஒன்றே என்பது தெரியும்.

கேட்டுப் பார்த்தவர்களுக்கு நல்ல விடை கிடைத்திருக்கிறது. மும்பை இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2014இல் மகாராஷ்டிரத்தில் 4,100 பணிகளை நேரில் போய்ப் பார்த்தார்கள். கணக்கில் காட்டிய பணிகளில் 87 சதவீதம் உண்மையிலேயே இருந்தன, பயனில் இருந்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் சித்ரதுர்கா, மேடக், தார், பில்வாரா ஆகிய நான்கு மாவட்டங்களில் ஆராய்ந்து, நிலத்தடி நீருக்கும் மண்வளத்துக்கும் இந்தப் பணிகளால் நன்மை உண்டென்று கண்டது. மரத்தடியில் உட்கார்ந்து கூலி வாங்குகிறார்கள் என்று எள்ளி நகையாடும் பேச்சுக்கு இந்தப் பதிவுகள்தான் பதில். அமெரிக்க இளைஞர்களையும் அந்தக் காலத்தில் இப்படித்தான் ஏளனம் செய்தார்கள். அவர்கள் கட்டிய பூங்காக்களில் இன்று பேரப்பிள்ளைகள் உலாவுகிறார்கள்.

அதற்காகப் புகழ்மாலை கட்ட வேண்டியதில்லை. வாரக்கணக்கில் தள்ளிப்போன கூலியும், போலிப் பெயர்களும், ஒரு மழைக்குத் தாங்காத கரைகளும் இந்த வரலாற்றின் பகுதிகள். சமூகத் தணிக்கை அறிக்கைகளில் அவை விரிவாக இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே காக்க வேண்டும். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்தால் அடுத்த தலைமுறைக்கு அது உதவாது.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் பெண்கள். அமெரிக்கத் திட்டம் வாசலில் நிறுத்திய பெண்தான் இங்கே பணித்தளத்தின் பெரும்பான்மை. முதன்முதலாகத் தன் பெயரில் வங்கிக் கணக்கு, ஆணுக்குச் சமமான கூலி, வீட்டில் காசு கேட்டு நிற்காத ஒரு வாரம் என்று அந்தப் பெண்கள் சொல்லக்கூடிய வரலாறு எந்த அரசு இணையதளத்திலும் கிடைக்காது. அதை அவர்கள் வாயால்தான் கேட்க வேண்டும். பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ஊரக இந்திய மக்கள் ஆவணக்காப்பகம், உழைக்கும் பெண்களின் படங்களையும் குரல்களையும் திரட்டி இதற்கு வழி காட்டியிருக்கிறது.

இதற்கு அவகாசம் குறைவு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. புதியது நல்லதா கெட்டதா என்ற விவாதம் நடக்கட்டும். பழையது வரலாறாகிவிட்டது என்பதில் விவாதமில்லை. திட்டம் மாறும்போது இணையதளங்கள் மாறும், பழைய பட்டியல்களுக்கான இணைப்புகள் அறுந்துபோகும், ஊராட்சி அலுவலகத்து அலமாரியில் இருக்கும் பதிவேடுகள் எடைக்குப் போகும். 2008இல் முதல் நாள் மண்வெட்டி பிடித்த ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இன்று எழுபதை நெருங்கும் வயது.

செய்ய வேண்டியவை எளியவை, இப்போதே செய்யக்கூடியவை. மாவட்ட நிர்வாகம் கொல்லிமலையின் பதினான்கு ஊராட்சிகளின் பணிப் பதிவேடுகளையும் அளவுப் புத்தகங்களையும் தணிக்கை அறிக்கைகளையும் அழிக்காமல் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும். இணையத்தில் உள்ள தரவுகளின் முழு நகல் ஒன்றை ஊரக வளர்ச்சித் துறை எடுத்துவைக்க வேண்டும். ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் உள்ள அரசுக் கலைக் கல்லூரிகளின் வரலாற்று, தமிழ்த் துறை மாணவர்கள் ஒரு ஊராட்சிக்கு ஒரு குழுவாக மலையேறி, வேலை செய்தவர்களின் பேச்சைப் பதிவுசெய்யலாம். மலையாளிக் குடும்பங்களிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளே அதை முன்னின்று நடத்தினால் கேள்விகள் சரியாக இருக்கும். பதிவில் யார் பெயர் வரலாம், எது வெளியே வரக்கூடாது என்பதைப் பேசியவர்களே முடிவுசெய்ய வேண்டும். தொகுத்ததைக் கிராம சபையில் வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்க வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு இதைத் தீர்மானமாகக் கொண்டுவர ஊரின் வாக்காளர் ஒருவர் போதும். கொல்லிமலையில் உறவோ ஊரோ உள்ள வாசகர்கள் அப்படி ஒருவரிடம் இன்றே பேசட்டும்.